மூன்று அறைக்கும் ஒரே தரை வேண்டாம்

கேள்வி: பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். மாடியில் இரண்டு படுக்கையறை, கீழே ஒன்று. மூன்றிலும் சுவரோடு சுவராக கார்ப்பெட் போட்டிருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம், எடுத்தே ஆக வேண்டும். புதிதாகவும் கார்ப்பெட்டே போடலாம், காலுக்கு இதமாக இருக்கும், சத்தமும் கேட்காது என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்பது வயது மகனுக்கு இளைப்பு உண்டு. தூசி ஒவ்வாமை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கீழ் அறை மாமியாருக்கு. வயது 74, கைத்தடி ஊன்றி நடக்கிறார், இரவில் இரண்டு மூன்று முறை எழுவார். மகனுக்கு ஒதுக்கிய அறை சரியாக அவர் அறைக்கு மேலே இருக்கிறது. வெறும் தரை போட்டால் இவன் குதிக்கிற சத்தத்தில் அவர் தூக்கம் கெடும் என்று கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று அறைக்கும் ஒரே மாதிரி போட்டு வேலையை முடித்துவிடலாம் என்று பார்க்கிறோம். எது நல்லது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

'ஒரே மாதிரி' என்பதை முதலில் விட்டுவிடுங்கள். கூடமும் நடையும் ஒன்றோடொன்று திறந்து கிடக்கும். அங்கே தரை மாறினால் கண்ணை உறுத்தும். படுக்கையறைக்குக் கதவு இருக்கிறது. உள்ளே யார் படுக்கிறார், அவர் உடம்பு எப்படி, அந்த அறையில் ஈரம் எவ்வளவு, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் தனியாக முடிவெடுக்கலாம். உங்கள் வீட்டில் அப்படித்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால் மூன்று அறைக்கும் மூன்று விதமான தேவை.

பையனிடமிருந்து தொடங்குவோம்.

தூசி ஒவ்வாமை என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் தூசி உண்ணியைத்தான். டஸ்ட் மைட் என்று அவர் சொல்லியிருக்கலாம். 0.3 மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. அதற்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்ந்து செத்துப்போகும். 70, 80 என்று ஏறினால் பெருகும். இளைப்பைக் கிளப்புவது அதன் எச்சத்தில் இருக்கும் புரதம். அந்தத் துகள் கொஞ்சம் கனமானது, காற்றில் வெகுநேரம் மிதக்காது. கிளப்பிவிட்டால் எழும், சற்று நேரத்தில் படிந்துவிடும். அதனால்தான் படுக்கையில் புரளும்போதும், கார்ப்பெட்டில் உட்கார்ந்து விளையாடும்போதும் அது மூக்குக்கு வந்து சேர்கிறது.

அடர்ந்த இழைக்குள் இந்தத் தூசி எவ்வளவு இறங்கும் என்பதை நீங்களே பார்க்கப்போகிறீர்கள். பழைய கார்ப்பெட்டைக் கழற்றும் அன்று ஆட்களிடம் சொல்லி ஒரு மூலையை மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். சுவரோரம் ஆணி பதித்த மரப்பட்டையிலிருந்து அது பட்பட்டென்று விடுபடும். மடக்கிப் பார்த்தால் அடியில், சல்லடையில் சலித்த மாவு போலச் சாம்பல் நிறப் பொடி படிந்திருக்கும். அதன் மேல் விரலால் கோடு போடலாம். வாரம் தவறாமல் வேக்குவம் போட்ட வீடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். மேலே பளிச்சென்று இருக்கும், இழையின் வேரைத் தாண்டி இறங்கியது அப்படியே கிடக்கும்.

ஆகவே பையன் அறைக்குக் கார்ப்பெட் வேண்டாம். இதில் எனக்கு ஊசலாட்டமே இல்லை. ஆனால் தரையை மாற்றினாலே இளைப்பு நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உண்ணிக்குத் தலைமை இடம் தரை கிடையாது, மெத்தையும் தலையணையும்தான். அவன் முகத்தை வைத்துக்கொண்டு எட்டு ஒன்பது மணி நேரம் தூங்குவது அங்கேதான். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமான நெசவுள்ள ஒவ்வாமைத் தடுப்பு உறை போடுங்கள். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் உண்ணி சாகாது. இவற்றைச் செய்யாமல் தரைக்கு மட்டும் செலவு செய்வதானால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதே முடிவு, தரை மாறிவிட்டது என்று இன்ஹேலரைக் குறைத்துவிடாதீர்கள்.

வெறும் தரையிலும் ஒரு சங்கடம் உண்டு. கார்ப்பெட் தூசியைப் பிடித்து வைக்கும். வழவழத் தரையில் அது கட்டிலடிக்கும் கதவு மூலைக்கும் உருண்டு போய்ப் பஞ்சாகத் திரளும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் பாதி காற்றில் ஏறிவிடும். நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் துடைக்க வேண்டும், கட்டிலடியையும் சேர்த்து. கட்டிலடியில் பெட்டிகளை அடைத்து வைத்துவிட்டு டைல்ஸ் போட்டு என்ன பயன்?

இப்போது சத்தம். உங்கள் கணவர் சொல்வது உண்மை. டிவி, பேச்சு போன்ற காற்று வழி வரும் சத்தம் வேறு. காலடி, உருளும் பந்து, இழுக்கும் நாற்காலி தரும் மோதல் சத்தம் வேறு. மோதல் சத்தம் தளத்தின் வழியே இறங்கும். கட்டுகிறபோதே தளத்தில் அதற்கு வழி செய்திருந்தால் தவிர, அதைப் பிறக்கிற இடத்திலேயே அமுக்குவதுதான் சுலபம். அதை கார்ப்பெட்டும் அதற்கு அடியில் போடும் அண்டர்லேயும் சேர்ந்து செய்வதுபோல வேறெதுவும் செய்யாது. மரம் போலத் தெரியும் லேமினேட் பலகைத் தரைக்கு அடியில் சத்தம் தடுக்கும் விரிப்பு போடலாம், ஓரளவு குறையும். ஒன்பது வயதுப் பையன் கட்டிலிலிருந்து குதிக்கும்போது அந்த ஓரளவு போதாது.

கடிதத்தை மறுபடி படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. மாடியில் இரண்டு அறை இருக்கிறதே, மாற்றிக்கொள்ளுங்களேன். மாமியார் அறைக்கு மேலே நீங்கள் இருவரும் படுங்கள், அதற்குக் கார்ப்பெட். பக்கத்து அறை பையனுக்கு, அதற்கு வழவழத் தரை. பெரியவருக்கு மேலே ஓடுகிறவன் இருக்க மாட்டான், இருக்கிற காலடியையும் கார்ப்பெட் விழுங்கிவிடும். உங்கள் கணவர் ஆசைப்பட்ட இதமும் அவருக்குக் கிடைக்கும். அறைகளின் அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் இந்த மாற்றம் தகும் என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறேன். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி உங்கள் அறையில் இரண்டு வாரம் வையுங்கள். காலை, இரவு இரண்டு வேளையும் குறித்து வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தும் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் உங்கள் அறைக்கும் கார்ப்பெட் வேண்டாம். அலமாரித் துணியில் பூஞ்சை வாடை அடிக்கிற அறை என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை, அதுவே பதில். அப்போது சத்தத்துக்கு லேமினேட்டும் கனமான அண்டர்லேயும், மேலே துவைக்கக்கூடிய பெரிய விரிப்பும் என்று போக வேண்டியதுதான்.

வெறும் தரை குளிரும் என்ற பேச்சு அடிக்கடி வரும். அதே அறையில் ஒரு டைலையும் ஒரு கார்ப்பெட் துண்டையும் ஒரு ராத்திரி முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே வெப்பநிலைக்குத்தான் வரும். காலை வைத்தால் டைல் மட்டும் சில்லென்று இருக்கும். நம் உள்ளங்கால் சூட்டை டைல் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று இழுக்க விடுவதில்லை. மரம் இரண்டுக்கும் நடுவில். குளிர்கிற இடத்தில் படுக்கையறைக்கு டைல்ஸ் என்றால் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் அந்த முதல் அடிக்குக் கட்டிலோரம் ஒரு விரிப்பு போதும். வெக்கையான இடத்தில் அதே சில்லென்ற குணம் வரம்.

பையன் அறைக்கு என்ன போடலாம் என்று வருவோம். லேமினேட் என்பது அடர்த்தியாக அழுத்திய மரநார்ப் பலகை. அதன் மேல் மரம் போல அச்சடித்த காகிதம், அதற்கு மேல் மெலமைன் பூச்சு. தேய்மானம் தாங்கும் அளவை ஏசி1 முதல் ஏசி6 வரை குறிப்பார்கள். படுக்கையறைக்கு ஏசி3 தாராளம். பலகைப் பசையில் மூச்சை உறுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு இருக்கும், இ1 தரம் அல்லது அதைவிடக் குறைவாக வெளியிடுவதா என்று கேட்டு வாங்குங்கள். இளைப்புள்ள பிள்ளை படுக்கிற அறை. லேமினேட்டுக்கு எதிரி தண்ணீர். இணைப்பில் நீர் தங்கினால் ஓரம் உப்பிவிடும், பிறகு சரியாகாது. பையன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுச் சொல்லாமல் தூங்கிவிடுகிறவன் என்றால், கல்தூள் கலந்த அடித்தட்டுள்ள வினைல் (ஒரு வகை பிளாஸ்டிக்) பலகை இருக்கிறது, எஸ்பிசி என்பார்கள். தண்ணீருக்கு அசையாது. மேல் பூச்சு 0.3 மில்லிமீட்டர் இருந்தால் படுக்கையறைக்குப் போதும். வினைல் மேல் ரப்பர் அடியுள்ள மிதியடி போடாதீர்கள், நாளடைவில் மஞ்சள் கறை ஏறும், போகவே போகாது.

இரண்டில் எதுவானாலும் பலகைகள் தரையோடு ஒட்டாமல் மிதந்துதான் கிடக்கும். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் நீண்டு சுருங்க இடம் வேண்டும். லேமினேட்டுக்குச் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைக்க வேண்டும். கட்டுகளைப் பிரிக்காமல் அந்த அறையிலேயே 48 மணி நேரம் போட்டு வைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் அவசரத்தில் விட்டுவிடுகிற ஆட்கள் உண்டு, பக்கத்தில் நில்லுங்கள். அண்டர்லே மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைத்துத் தடியாகக் கேட்கவும் வேண்டாம். பலகை ஒவ்வொரு அடிக்கும் அமுங்கினால் கொக்கி இணைப்பு உடைந்துவிடும்.

கீழ் அறைதான் எனக்குக் கவலை.

தரை நேரே மண்ணின் மேல் இருக்கும் அறை அது. என்ன போடுவது என்று யோசிக்கும் முன்னால், கீழிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பார்த்தாக வேண்டும். இதை நான் ஒரு தவறு செய்து கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், புதுத் தளம் போட்ட ஒரு கீழ்த்தள அறைக்கு கார்ப்பெட் போட்டுக் கொடுத்தேன். மேலே தொட்டால் உலர்ந்திருந்தது, அதை நம்பினேன். சிமெண்ட் தளம் உலர 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்கு. 100 மில்லிமீட்டர் தளத்துக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. அரை வருடம் கழித்து அந்த வீட்டம்மா கூப்பிட்டார், அறையில் ஈரச் சாக்கு வாடை என்றார். மூலையைத் தூக்கினேன். அண்டர்லே தரையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது, அதன் அடி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். கையை வைத்தால் தரை ஈரம் உள்ளங்கையில் தெரிந்தது. முழுக்க எடுத்துவிட்டு என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அந்த அறையில் ஒரு கைக்குழந்தை படுத்திருந்தது, அதுதான் இன்றுவரை மனதை அறுக்கிறது.

உங்கள் வீடு பழையது, தளம் உலர்ந்திருக்கும். ஆனால் பழைய வீடுகளில் தளத்துக்கு அடியில் ஈரத் தடுப்பே இல்லாமல் இருக்கலாம், அல்லது கிழிந்திருக்கலாம். பழைய கார்ப்பெட்டை எடுத்த பிறகு, தடிமனான பிளாஸ்டிக் தாளை 45 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, தரையில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு பகலும் ஒரு இரவும் விடுங்கள். எடுக்கும்போது தாளின் உள்பக்கம் நீர் முத்து பூத்திருந்தாலோ, அந்த இடத்தில் சிமெண்ட் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. நடுவில் ஒன்று, வெளிச்சுவரோரம் ஒன்று என இரண்டு இடத்திலாவது செய்யுங்கள். ஈரம் தெரிந்தால் மீட்டர் வைத்து அளக்கும் ஆளைக் கூப்பிட்டு, தளத்துக்கு ஈரத் தடுப்புப் பூச்சு கொடுத்துவிட்டுத்தான் மேல் வேலை. முத்து பூக்கவில்லை என்றால் நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம்.

மாமியாருக்குக் கார்ப்பெட் போடலாமே, விழுந்தாலும் அடி குறையுமே என்று தோன்றும். தோன்றுவதில் தவறில்லை, அடி ஓரளவு குறையத்தான் செய்யும். ஆனால் நீண்ட இழையில் கைத்தடியின் நுனி அமுங்கும், காலை இழுத்து நடக்கிறவருக்குப் பாதம் இழுபடும். பிறகு வாக்கரோ சக்கர நாற்காலியோ தேவைப்பட்டால் தள்ளவே முடியாது. இரவில் தண்ணீர், மருந்து சிந்தும். அவசரத்தில் குளியலறை வரை போக முடியாத நாளும் வரும். கார்ப்பெட்டில் இறங்கிய சிறுநீர் அடித்துணி வரை போய்விடும், மேலே எவ்வளவு துடைத்தாலும் காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் வாடை திரும்பி வரும். தன் அறையில் வாடை அடிக்கிறது என்பது அந்த வயதில் ஒருவரை எவ்வளவு கூனிக் குறுக வைக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பளபளக்கும் டைல்ஸும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஈரமா, மினுக்கமா என்று அவருக்குத் தெரியாது. நிஜமாகவே ஈரமாக இருக்கும்போதும் தெரியாது.

என் தேர்வு, அடியில் மெல்லிய நுரை அடுக்குள்ள, சுருளாக வரும் வினைல். அறை அகலத்துக்கே கிடைத்தால் இணைப்பு இருக்காது, தண்ணீர் இறங்காது, டைல் போலச் சில்லிடாது. மினுக்கம் இல்லாததாக, ஈரத்திலும் வழுக்காததாக, கோடும் கட்டமும் இல்லாத ஒரே நிறமாகப் பாருங்கள். பார்வை மங்கியவருக்குக் கறுப்புக் கட்டம் பள்ளமாகத் தெரியும். குளியலறை வாசலில் தரை மாறும் இடத்தில் மேடு இல்லாமல் சமமாக முடிக்கச் சொல்லுங்கள். அந்த அறையில் சின்ன விரிப்பு எதுவுமே வேண்டாம், கட்டிலோரத்திலும் வேண்டாம். நழுவுகிற விரிப்பைப்போல வயதானவருக்கு ஆபத்தானது வேறில்லை. கட்டிலிலிருந்து குளியலறை வரை தரையோரமாக ஒரு மங்கிய இரவு விளக்கு வையுங்கள். கைத்தடி நுனி ரப்பர் தேய்ந்திருந்தால் அதை மாற்றுவதற்கு எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் அறைக்கு வாங்கும் கார்ப்பெட். உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடர்த்தியைப் பாருங்கள். மாதிரித் துண்டைப் பின்பக்கமாக வளையுங்கள். இழை பிரிந்து அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் நெருக்கம் போதாது. கட்டை விரலால் அழுத்தி எடுங்கள், உடனே நிமிர வேண்டும். நைலான் நன்றாக நிமிரும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீர்க் கறையைத் தாங்கும், ஆனால் அமுங்கினால் எழாது. கம்பளி அருமையான பொருள்தான், காலுக்கு அதற்கு ஈடில்லை; ஆனால் கட்டிலுக்கு அடியில் இருட்டாக, அசையாமல் கிடக்கும் இடத்தில் அந்துப்பூச்சி குடியேறும். கட்டிலை வருடத்தில் சில தடவை நகர்த்திச் சுத்தம் செய்ய முடியும் என்றால் மட்டும் கம்பளி வாங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் வளைய இழை வேண்டாம், நகத்தில் மாட்டி வரிசையாக உருவிக்கொண்டு வரும். இழை 10 மில்லிமீட்டருக்குள், அண்டர்லே 11 மில்லிமீட்டருக்குள், அதுவும் கெட்டியாக. பஞ்சு போன்ற அண்டர்லே கடையில் மிதிக்கச் சுகமாக இருக்கும், இரண்டு வருடத்தில் இணைப்பு விட்டுவிடும். இணைப்பு வாசலிலும் நடக்கும் வழியிலும் வராமல் கட்டிலுக்கு அடியில் வரும்படி வெட்டச் சொல்லுங்கள். கதவின் அடிப்பக்கம் உரசுமா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள், வேலை முடிந்த அன்று மாலை கதவு சாத்தவில்லை என்று தெரிந்து ஓடுகிற வீடுகள் நிறைய.

போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் ஜன்னலைத் திறந்து வைத்து, வாடை போன பிறகு அறைக்குப் போங்கள். வாரம் இரண்டு முறை வேக்குவம், ஹெப்பா வடிகட்டி உள்ளதாக. அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். சாதாரண வடிகட்டி நுண்தூசியைப் பின்வழியாக அறைக்கே திருப்பி விடும். மெதுவாக இழுங்கள், ஒரே இடத்தில் போக வர நான்கு தடவை. அந்த நேரத்திலும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் பையன் அந்த அறைக்கு வர வேண்டாம். தண்ணீர் கொட்டினால் அன்றே காய வைத்துவிடுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராத கார்ப்பெட்டில் பூஞ்சை பிடிக்கும்.

எதையும் உறுதி செய்வதற்கு முன், மூன்று அறைக்குமான மாதிரித் துண்டுகளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கடை விளக்கில் பார்த்த நிறம் வீட்டில் இருக்காது. மாமியாரை அந்த வினைல் துண்டின் மேல் வெறுங்காலோடு நிற்க வைத்து, கைத்தடியை ஊன்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் அறை அது, அவர் கால் சொல்லட்டும்.

பழைய கார்ப்பெட்டைக் கழற்றும் நாளில் பையனை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரைப் புகைபோல லேசாகத் தெளித்துவிட்டு, அந்தந்த அறையிலேயே துண்டுகளாக வெட்டிச் சுருட்டி, பிளாஸ்டிக்கில் கட்டி வெளியே எடுக்கச் சொல்லுங்கள்; முழுதாக இழுத்தால் பதினைந்து வருடத் தூசியும் மாடிப்படி வழியே வீடு முழுக்கப் பரவும். அறைகளை ஒரு முறை வேக்குவம் செய்து, மறுநாள் எல்லாம் படிந்த பிறகு ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு அவனை அழைத்து வாருங்கள்.